மின்மினி மரத்துக்குப் பின்னால்

கம்போங் குவாந்தான் படகுத்துறையில் இரவு எட்டு மணிக்குமேல் பேச்சுக்குரல் தானாகவே தாழ்ந்துவிடும். துடுப்புப் போடும் சிறு சம்பானில் நான்கு பேர் ஏறி அமர்வர். இயந்திர ஓசை இல்லை; விளக்கும் இல்லை. சிலாங்கூர் ஆற்றின் கரையோரமாகப் படகு நகரத் தொடங்கிய சிறிது நேரத்தில், கரையில் நிற்கும் பெரெம்பாங் மரங்கள் கண்ணில் படும். மரம் தெரிகிறது என்று சொல்வதைவிட, அதன் இலைகளில் அமர்ந்திருக்கும் மின்மினிகளால் மரத்தின் வடிவம் தெரிகிறது என்பதே பொருத்தம். ஆண் மின்மினிகள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, ஒன்றோடொன்று இசைந்து ஒளிர்கின்றன. யாரும் சைகை காட்டாமலே மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மினுங்கி அணைகிறது.

அரை மணி நேரத்திற்குள் படகு திரும்பிவிடும். வந்தவர்கள் பாசிர் பெனாம்பாங்கில் கடலுணவு உண்டுவிட்டு வீடு திரும்புவர். கோல சிலாங்கூரைப் பற்றி வெளியூரார் பலர் அறிந்தது இவ்வளவுதான்.

படகிலிருந்து தெரியும் மரங்களைக் காப்பாற்றினால் மின்மினியையும் காப்பாற்றிவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், உண்மை அவ்வளவு எளிதன்று. இங்குள்ள மின்மினி 'டெரோப்டிக்ஸ் டெனர்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. அது சிறகு முளைத்த பூச்சியாக மரத்தில் ஒளிர்வது சில வாரங்களே. அதற்கு முன் முட்டையாகவும் புழுவாகவும் பல மாதங்களைத் தரையில் கழிக்கிறது. பெண் மின்மினி ஆற்றோரத்து ஈரமண்ணில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, மரத்துக்குப் பின்னால் நீப்பாவும் பிற செடிகொடிகளும் நிழல் தரும் சேற்றுத் தரையில் ஊர்ந்து, சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று வளரும். அந்த நத்தைக்கு ஈரம் வேண்டும். ஈரத்துக்கு நிழல் வேண்டும். கரையில் ஒரு வரிசை பெரெம்பாங் மரங்களை மட்டும் அழகுக்காக விட்டுவைத்து, பின்னால் உள்ள புதரைத் திருத்திப் பயிரிட்டால், அந்த ஆண்டு சுற்றுலாப் பயணிக்கு எந்த வேறுபாடும் தெரியாது. மரத்தில் ஏற்கெனவே இருக்கும் பூச்சிகள் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கும். அடுத்த தலைமுறை மட்டும் வராது.

இப்படித்தான் ஆற்றின் பல இடங்களில் மின்மினி குறைந்தது. செம்பனையும் பிற பயிர்களும் கரைவரை வந்தன. வளர்ப்புக் குளங்களும் கட்டடங்களும் எழுந்தன. அரசாங்கம் இதைக் கவனிக்காமல் இல்லை. மாநில நீர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் 2009ஆம் ஆண்டில் ஆற்றின் இரு கரைகளிலும் மின்மினி வாழும் பகுதிகள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. மறு ஆண்டு உலகின் மின்மினி ஆய்வாளர்கள் இம்மாநிலத்தில் ஒன்றுகூடி வெளியிட்ட பாதுகாப்புப் பிரகடனம் 'சிலாங்கூர் பிரகடனம்' என்றே பெயர் பெற்றது. ஒரு பூச்சிக்காக ஒரு மாநிலத்தின் பெயர் அறிவியல் உலகில் வழங்குவது சிறிய பெருமையன்று. எனினும், கரையோரம் காக்கப்பட்டாலும் அதில் ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்ற கேள்வி மீதமிருக்கிறது. பெரெம்பாங் மரம் கடலின் உப்புநீரும் ஆற்றின் நன்னீரும் கலக்கும் பகுதியில்தான் செழிக்கும். மேலிருந்து வரும் நன்னீர் குறைந்தால் உப்பு உள்ளே ஏறும். ஆகவே, மின்மினியின் நலம் கம்போங் குவாந்தானில் மட்டும் முடிவாவதில்லை.

கோல சிலாங்கூர் மாவட்டம் முழுவதற்கும் இதே நிலைதான். இங்குக் கண்ணுக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொன்றும் பின்னால் இருக்கும் ஏதோ ஒரு நிலத்தை நம்பி நிற்கிறது. அந்தப் பின்னிலத்தைச் சதுப்பு என்றும் புதர் என்றும் பயனற்ற காலி நிலம் என்றும் அழைத்துவிடும் பழக்கமே இம்மாவட்டத்துக்கு உள்ள பெரிய ஆபத்து.

மாவட்டத்தின் பரப்பளவு ஏறக்குறைய 1,200 சதுர கிலோமீட்டர். மேற்கே மலாக்கா நீரிணை, வடக்கே சபாக் பெர்ணம், கிழக்கே உலு சிலாங்கூரும் கோம்பாக்கும், தெற்கே கிள்ளான். ஜெராம், சாசாரான், தஞ்சோங் காராங் ஆகியவை கடலோர ஊர்கள். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா ஆகியவை தோட்டங்கள் சூழ்ந்த உள்நாட்டு ஊர்கள். 2011ஆம் ஆண்டில் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பிறகு தலைநகரிலிருந்து ஈஜோக் வருவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. மக்கள்தொகையும் விரைந்து கூடியது. 2010ஆம் ஆண்டில் இரண்டு இலட்சத்தைச் சற்றே கடந்திருந்த எண்ணிக்கை, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 280,000 ஆனது. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு தெற்கே உள்ள புஞ்சாக் ஆலாமுக்கு உரியது.

தஞ்சோங் காராங் வயல்களைப் பாராதவர் சிலாங்கூரில் குறைவு. நாற்று நடும் காலத்தில் பச்சையாகவும் அறுவடைக் காலத்தில் பொன்னிறமாகவும் அவை நாட்காட்டிப் படங்களில் இடம்பெறுகின்றன. 1930களில் தொடங்கிய நீர்ப்பாசனத் திட்டத்தால் இக்கடலோரச் சதுப்பு வயலானது. ஜாவாவிலிருந்தும் பஞ்சாரிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் இதைத் திருத்தினர். இன்று வடமேற்குச் சிலாங்கூரில் ஏறக்குறைய 20,000 ஹெக்டரில் ஆண்டுக்கு இருபோகம் நெல் விளைகிறது. படம் எடுப்போர் கடலை நோக்கியோ வயலை நோக்கியோ நிற்பர். வயலுக்கு அப்பால் கிழக்கே கருங்கோடுபோல் தெரியும் காட்டை யாரும் படம் எடுப்பதில்லை.

அந்தக் கோடுதான் வடசிலாங்கூர்ச் சதுப்புக்காடு. ராஜா மூசா, சுங்கை காராங் ஆகிய வனக்காப்பகங்களை உள்ளடக்கி, மூன்று மாவட்டங்களில் 70,000 ஹெக்டருக்கும் மேலாகப் பரந்து கிடக்கிறது. அங்குள்ள நிலம் சாதாரண மண்ணன்று. மலாயில் 'தானா கம்புட்' என்பர். தமிழில் மட்குநிலம் எனலாம். உதிர்ந்த இலையும் கிளையும் வேரும் தேங்கிய நீருக்குள் கிடந்து, முழுவதும் மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து உருவானது அது. பஞ்சைப்போல் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வறட்சிக் காலத்தில் சிறிது சிறிதாக விடும். பெர்ணம் ஆற்றிலிருந்து திருப்பப்படும் நீர், இக்காட்டின் வழியே செல்லும் கால்வாயில் ஓடித் தெங்கி ஆற்றை அடைந்து, அங்கிருந்து வயல்களுக்குப் பிரிகிறது. காடு அணையாகவும் வடிகட்டியாகவும் வேலை செய்கிறது. அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை என்பதால் அது வேலை செய்வதாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

மட்குநிலத்தின் நீரை வடித்தால் இரண்டு கேடுகள் நேரும். ஒன்று, நிலம் சுருங்கித் தாழும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகலாம். 1784ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோல சிலாங்கூரைக் கைப்பற்றி, புக்கிட் மெலாவத்தியில் இருந்த கோட்டைக்கு 'அல்திங்ஸ்பர்க்' என்று பெயரிட்டனர். சுல்தான் இப்ராஹிம் மறு ஆண்டே அதை மீட்டார். மலைமேல் நின்று இச்சதுப்பைப் பார்த்த அந்த ஒல்லாந்தரின் தாயகமே மட்குநிலத்துக்கு ஒரு பாடம். ஒல்லாந்தின் மேற்குப் பகுதியில் பல நூற்றாண்டுகளாக மட்குநிலத்தின் நீரை வடித்துப் பயிரிட்டதால் நிலம் தாழ்ந்து, இன்று கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கடலைத் தடுக்க அவர்கள் அணைகட்டிக்கொண்டும் நீரை இறைத்துக்கொண்டும் வாழ்கின்றனர். செல்வம் மிகுந்த நாட்டுக்கு அது இயலும்.

மற்றொரு கேடு தீ. உலர்ந்த மட்கு நன்றாக எரியும். மேலே தீ அணைந்தாலும் தரைக்கு அடியில் புகைந்துகொண்டே இருக்கும். முற்காலத்தில் வெட்டிய மரங்களைக் கொண்டுசெல்லத் தோண்டிய வாய்க்கால்கள் ராஜா மூசாவின் நீரை வடித்தன. அதனால் வறண்ட மாதங்களில் அங்குப் பலமுறை தீப்பிடித்துப் புகைமூட்டம் சுற்றுவட்டாரங்களைச் சூழ்ந்தது. இந்தத் தீக்கு மேலிருந்து நீர் ஊற்றுவதால் முழுப்பயன் இல்லை. நிலத்தடி நீர்மட்டம் உயர வேண்டும். 2008ஆம் ஆண்டு முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகளாவிய சுற்றுச்சூழல் மையமும் ஊர்மக்களும் தொண்டூழியர்களும் சேர்ந்து இதைச் செய்துவருகின்றனர். வாய்க்கால்களுக்குக் குறுக்கே சிறு தடுப்புகளைக் கட்டி நீரைத் தேக்குகின்றனர். எரிந்த நிலத்தில் முதலில் பிழைக்கக்கூடிய மாஹாங் போன்ற மரக்கன்றுகளை நடுகின்றனர். கன்று நடுவது படத்துக்கு அழகு. ஆனால், வாய்க்காலை அடைத்ததுதான் இதில் பெரிய வேலை என்பதைச் சொல்லியாக வேண்டும். நீர் திரும்பாத நிலத்தில் நட்ட கன்று அடுத்த தீக்கு விறகாகும்.

புக்கிட் மெலாவத்தியின் வரலாறு பலருக்கும் தெரிந்ததே. 1766ஆம் ஆண்டில் சுல்தான் சாலேஹுடின் சிலாங்கூரின் முதல் சுல்தானாக அரியணை ஏறியபோது தலைநகர் இதுதான். 1907ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. கூட்டம் கூட்டமாக வரும் வெள்ளிநிற லோத்தோங் குரங்குகள் சிறுவர்களின் தோளில் ஏறி அமர்ந்துகொள்வதும் மாறவில்லை. ஆனால், மலையடிவாரத்தில் உள்ள இயற்கைப் பூங்காவின் கதையைப் பலர் அறியார். அந்த அலையாத்திக் காட்டை அழித்துக் குழிப்பந்துத் திடல் அமைக்கும் எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. மலேசிய இயற்கைக் கழகம் மாநில அரசாங்கத்திடம் வேறொரு திட்டத்தை முன்வைத்தது. 1987ஆம் ஆண்டில் அது இயற்கைப் பூங்காவானது. சைபீரியாவின் குளிரிலிருந்து தப்பித் தெற்கே வரும் உள்ளான் முதலிய பறவைகள் ஆண்டுதோறும் இக்கடலோரச் சேற்றில் இறங்கி இரைதேடுகின்றன. காலி நிலம் என்று கருதப்பட்டது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருவோர்க்கு விருந்தகமாக இருந்திருக்கிறது.

இரவில் வரும் விருந்தாளியும் உண்டு. பெரெம்பாங் இனத்து மரங்களின் பூ இரவில் மலரும். அதன் தேனை நாடி வௌவால்கள் வருகின்றன. பத்துமலைக் குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால்கள் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பறந்து கடலோர அலையாத்திக் காடுகளுக்குச் சென்று திரும்புவதை 1970களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். டுரியான் மரத்தின் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வதும் இதே வௌவால்கள்தாம். டுரியான் ஆண்டு முழுதும் பூப்பதில்லை. பெரெம்பாங் இன மரங்களோ மற்ற மாதங்களிலும் வௌவாலுக்குச் சோறு போடுகின்றன. ஆகவே, சிலாங்கூர்க் கடற்கரையில் மரங்களை வெட்டினால் எங்கோ ஒரு மலையடிவாரத் தோப்பில் டுரியான் காய்ப்புக் குறையலாம். தைப்பூசத்தன்று படியேறுவோர் தலைக்கு மேல் பறப்பது வெறும் வௌவால் அன்று.

தமிழ் மாணவர்களுக்கு இம்மாவட்டம் வேறு வகையிலும் நெருக்கமானது. பெஸ்தாரி ஜெயா முன்னர்ப் பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கப்பட்டது. அதன் அருகில் 'தென்னமரம்' என்றொரு தோட்டம் உண்டு. பெயர் தமிழ், ஆனால், அத்தோட்டம் புகழ்பெற்றது தென்னையால் அன்று. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் மலாயாவிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை பயிரிட்ட இடம் அது. தமிழும் மலாயும் கற்றுக்கொண்ட அவர், மலாயா வாழ்வைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் நாவல் எழுதி, 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். நாட்டின் மிகப்பெரிய வேளாண் தொழில் தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு தோட்டத்தில் தொடங்கியது என்பது வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகவேனும் இடம்பெறத் தக்கது. காட்டை வெட்டியவர்கள், கன்று நட்டவர்கள், குலை அறுத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. முன்னால் நிற்பவரின் பெயர் நிலைத்தது. பின்னால் நின்றவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

ரப்பர் இருந்த காலத்தில் தோட்டத்துக்கு ஆள் நிறைய வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, நிரைக்குச் சென்று, பால் வெட்டி, வாளியில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. பயிர் மாறியபோதும் தோட்டம் கைமாறியபோதும் குடும்பங்கள் லயத்து வீடுகளைவிட்டு நகர்ந்தன. துவான் மீ, ஹோப்ஃபுல், ராஜா மூசா, கோல்ஃபீல்ட்ஸ் எனத் தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நிற்கின்றன. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் சில தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தது நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. நிலத்தைப் பற்றிய எந்த முடிவும் அதில் வாழ்வோரைப் பற்றிய முடிவாகவும் ஆகிவிடுகிறது.

அதே பெஸ்தாரி ஜெயாவில் ஈயம் தோண்டிய பெரும் பள்ளங்கள் குளங்களாகக் கிடக்கின்றன. நெடுங்காலம் அவற்றைப் பார்த்தவர்கள் வீணான நிலம் என்றே சொல்லியிருப்பர். 2014ஆம் ஆண்டு வறட்சியில் சிலாங்கூரில் நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அப்போது இக்குளங்களிலிருந்து நீரை இறைத்து ஆற்றில் விட்டனர். கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேற்பட்டது சிலாங்கூர் ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் மேல்பகுதியில் ரவாங் அருகே ஒரு கிளையாற்றில் கழிவு கலந்ததும் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டுப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் குழாய் வறண்டது. பெட்டாலிங் ஜெயாவில் குழாயைத் திறக்கும் ஒருவருக்கு இந்த ஆறும் குளமும் எங்கோ இருக்கும் ஊர்ப்புறக் காட்சி. நீர் நின்றால்தான் அந்த ஊரின் பெயர் நினைவுக்கு வருகிறது.

அதற்காக, இம்மாவட்டத்தை அப்படியே காட்சிப்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும் என்று வாதிடுவது நியாயமன்று. புஞ்சாக் ஆலாமில் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த வீடுகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சொந்த வீட்டைத் தந்தன. பல்கலைக்கழக வளாகமும் வந்தது. வேலை தேடிக் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் செல்லும் இளைஞர்கள் ஊரிலேயே வேலை கிடைத்தால் மகிழ்வர். மின்மினியைக் காட்டி அவர்களை வறுமையில் இருக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால், வளர்ச்சி எங்கே, எந்த நிலத்தில் என்று கேட்க உரிமை உண்டு. மேட்டு நிலத்தில் வீடு கட்டுவதும் மட்குநிலத்தின் நீரை வடித்து வீடு கட்டுவதும் ஒன்றல்ல. ஒரே வரைபடத்தில் இரண்டும் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியலாம். மழைக்காலமும் வறட்சியும் வரும்போது வேறுபாடு தெரியும்.

ஆற்றங்கரைக்கு ஒரு வழி இருக்கிறது. அது பெரிய செலவும் பிடிக்காது. செம்பனை மரம் ஏறக்குறைய 25 ஆண்டுகளில் உயரம் மிகுந்து, குலை அறுப்பது கடினமாகிவிடும். அப்போது பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வர். நின்றுகொண்டிருக்கும் மரத்தை அகற்றச் சொன்னால் எந்தத் தோட்ட நிருவாகமும் தயங்கும். சிறு தோட்டக்காரரோ வருமானம் போகிறதே என்று வருந்துவார். மறுநடவின்போது ஆற்றோரத்து வரிசைகளை நடாமல் விட்டுவிடுவது அப்படியன்று. இருக்கும் வருமானத்தை எடுப்பதாக அது ஆகாது. 2020ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள மலேசியச் செம்பனைச் சான்றிதழ் முறையும் ஆற்றோர ஒதுக்கு நிலத்தைக் காக்கச் சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். சிறு தோட்டக்காரருக்கு மாநில அரசாங்கம் இழப்பீடோ வேறு கன்றுகளோ தந்து உதவலாம். ஒரு மறுநடவைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு இன்னும் 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இன்று படிவம் மூன்றில் படிக்கும் மாணவருக்கு அப்போது நாற்பது வயதாகியிருக்கும்.

விட்ட நிலத்தில் யாரும் மின்மினியைக் கொண்டுவந்து விட வேண்டியதில்லை. அருந்தும் களைக்கொல்லியும் இல்லாமல் போனால் முதலில் பெரணியும் புல்லும் வரும். நீரேறும் பள்ளங்களில் ஆறு சுமந்துவரும் நீப்பாக் காய்கள் ஒதுங்கி முளைக்கும். நிழல் கூடியதும் சேறு ஈரமாகவே நிற்கும், நத்தைகள் வரும். கம்போங் குவாந்தானிலிருந்து வரும் படகுக்காரர் அந்தக் கரையைக் கடக்கும்போது அங்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இருட்டில் ஒரு புதர் மட்டும் தெரியும்.